எச்ஓ மாடல் ரயில் டீசல் எஞ்சின்: எந்த பிராண்ட் வாங்கலாம்?

நவம்பர் 2, கேள்வி

அண்ணே, நாங்கள் பென்சில்வேனியாவில் இருக்கிறோம். போன மாதம் அல்டூனா பக்கத்தில் ஹார்ஸ்ஷூ கர்வ் என்ற லாட வடிவ ரயில் வளைவுக்குப் போய் வந்ததிலிருந்து பையனுக்கும் எனக்கும் ரயில் பைத்தியம் பிடித்துவிட்டது. நாலுக்கு எட்டு அடி பிளைவுட் பலகையில் 18 அங்குல ஆரமுள்ள வளைவு வைத்து எச்ஓ, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவுள்ள மாடல் ரயில் டிராக் போட்டாயிற்று. நண்பர் ஒருவர் தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பழைய டிசி பவர்பேக் கொடுத்தார். இனி டீசல் எஞ்சின்தான் பாக்கி. அங்கே பார்த்தது போல நார்ஃபோக் சதர்ன் ரயில் கம்பெனியின் ஹெரிடேஜ் (பழைய கம்பெனி வண்ணம் பூசிய) எஸ்டி70ஏசிஇ எஞ்சின் வாங்க ஆசை. கடையில் ஆத்தர்ன், அட்லஸ், காட்டோ, பாக்மன், வால்தர்ஸ் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். எது நல்ல பிராண்ட்? ஒரே பெயராகச் சொன்னால் போதும்.

நவம்பர் 2, இரவு

ஒரே பெயராகச் சொல்ல முடியாது தம்பி. பிராண்டுக்கு முன்னால் உங்கள் பலகையைப் பார்ப்போம்.

எஸ்டி70ஏசிஇ நிஜத்தில் 74 அடி நீளம். 87-இல் ஒரு பங்காகக் குறைத்தாலும் பத்து அங்குலத்துக்கு மேல் வரும். அதோடு ஆறு அச்சு. 18 அங்குல வளைவில் அதன் மூக்கும் வாலும் தண்டவாளத்தை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு போகும். பின்னால் மாட்டிய பெட்டியை இணைப்புக் கொக்கியான கப்ளர் பக்கவாட்டில் இழுத்துக் கீழே தள்ளும். இவ்வளவு நீளமான எஞ்சினுக்கு 22 அங்குலத்துக்குக் குறையாத வளைவு வேண்டும் என்றுதான் தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்கிறார்கள். ஆத்தர்னின் ஜெனிசிஸ் வரிசையில் எஸ்டி70ஏசிஇ இருக்கிறது, அழகான எஞ்சின். ஆனால் உங்கள் வளைவில் யார் செய்த எஸ்டி70ஏசிஇ ஆனாலும் தடுமாறும். தடம்புரண்டால் பையன் எஞ்சினைத்தான் குறை சொல்வான்.

ஹார்ஸ்ஷூ கர்வ் பூங்காவில் ஒரு டீசல் எஞ்சின் நிறுத்தி வைத்திருப்பார்களே, கவனித்தீர்களா? பென்சில்வேனியா ரயில்ரோடு 7048. அது ஒரு ஜிபி9. 1985-இலிருந்து அங்கே நிற்கிறது. அதற்கு முன் அதே இடத்தில் கே4 நீராவி எஞ்சின் 1361 நின்றது. உங்கள் பலகைக்கு ஏற்ற எஞ்சின் அந்த ஜிபி9தான். நாலு அச்சு, 56 அடி நீளம். எச்ஓவில் எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். 18 அங்குல வளைவில் அலட்டிக்கொள்ளாமல் திரும்பும். ஆத்தர்ன், வால்தர்ஸ், பாக்மன் மூவருமே ஜிபி9 செய்திருக்கிறார்கள். அதனால் பிராண்ட் கேள்வியை அங்கிருந்து தொடங்கலாம்.

நவம்பர் 3

காலையில் இன்னொன்று தோன்றியது. நாலுக்கு எட்டுப் பலகையில் 22 அங்குல வளைவையும் போடலாம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய இரண்டு அங்குலம்தான் மிஞ்சும், அவ்வளவுதான். ஓரத்தில் நாலு அங்குல உயரத்துக்கு ஏதாவது தடுப்பு வைக்காமல் அதைச் செய்யாதீர்கள். தடம்புரண்டால் எஞ்சின் நேராகப் பேஸ்மெண்ட் தரைக்குப் போய்விடும். சிமெண்ட் தரையில் விழுந்த எஞ்சினைப் பார்ப்பது பெரிய வேதனை. கைப்பிடிக் கம்பி, படிக்கட்டு, கப்ளர் எல்லாம் ஒன்றாகப் போய்விடும்.

ஹெரிடேஜ் ஆசை எனக்குப் புரிகிறது. 2012-இல் நார்ஃபோக் சதர்ன் தன்னோடு இணைந்த பழைய கம்பெனிகளின் வண்ணங்களை 20 புது எஞ்சின்களுக்குப் பூசியது. பாதி எஸ்டி70ஏசிஇ, பாதி ஜெனரல் எலெக்ட்ரிக்கின் இஎஸ்44ஏசி. பார்த்தவர்களுக்கு ஆசை வராமல் இருக்காது. முதல் எஞ்சினாக அது வேண்டாம் என்பதுதான் என் கருத்து. உள்ளே 18, வெளியே 22 என்று இரண்டு வட்டம் போட்டபின் வாங்குங்கள்.

நவம்பர் 3, மாலை

"நல்ல எஞ்சின் என்றால் எதை வைத்துச் சொல்கிறீர்கள், பெயின்ட்டையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெயின்ட் கடைசி.

மேலோட்டைக் கழற்றிப் பார்த்தால் நடுவில் ஒரு மோட்டார் இருக்கும். அதன் இரண்டு முனையிலும் பித்தளையில் கனமான ஃப்ளைவீல் இருக்கும். அங்கிருந்து தண்டு போய் முன்னும் பின்னும் உள்ள சக்கரத் தொகுதிகளின் வார்ம் கியரைச் சுழற்றும். எல்லாச் சக்கரமும் ஓட்டும், எல்லாச் சக்கரமும் தண்டவாளத்திலிருந்து கரண்ட் எடுக்கும். எடை உலோகச் சட்டத்தில் இருக்கும். இந்த அமைப்பு ஒழுங்காக இருந்தால் எஞ்சின் ஓடும். இது சொதப்பினால் மேலே எத்தனை நுணுக்கமான கம்பி ஒட்டியிருந்தாலும் பயனில்லை. ஃப்ளைவீலின் வேலை முக்கியமானது. தண்டவாளத்தில் அழுக்குப் படிந்த ஓர் இடத்தில் கரண்ட் ஒரு கணம் விட்டுப்போனாலும் அதன் சுழற்சி எஞ்சினைத் தள்ளிக்கொண்டு அந்த இடத்தைக் கடக்க வைக்கும்.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. மூன்று அடி நீளமுள்ள ஒரு ஃப்ளெக்ஸ் டிராக்கை (வளைக்கக்கூடிய தண்டவாளத் துண்டை) எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் அதன் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நிற்காமல், துள்ளாமல் ஒரு நிமிடம் எடுத்துப் போனால் நிஜ அளவில் மணிக்கு 3 மைல் வேகம். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். யார்டில் பெட்டி கோர்க்கப் போகும் எஞ்சின் அந்த வேகத்தில்தான் போகும். அதைச் செய்யும் எஞ்சினை நான் நல்ல எஞ்சின் என்பேன், பெட்டியில் என்ன பெயர் இருந்தாலும். வேகமாக ஓடுவதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. மட்டமான எஞ்சினும் வேகமாக ஓடும்.

கடையில் சோதனைத் தண்டவாளம் வைத்திருப்பார்கள். கேளுங்கள், ஓட்டிக் காட்டுவார்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.

நவம்பர் 6

சரி, பெயர்களுக்கு வருகிறேன். இது நீளும்.

காட்டோ: ஜப்பான், 1957-இல் தொடங்கியது. ஓட்டத்தில் இவர்களைப் பற்றி யாருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது. சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் அவர்களுடைய முழுக் கவனமும் 'என்' (N) என்ற அளவில்தான், அதாவது 160-இல் ஒரு பங்கு. எச்ஓவில் அமெரிக்க டீசல் கொஞ்சமாகத்தான் வருகிறது. கிடைத்தால் விடாதீர்கள், அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். இடம் இல்லாமல் அபார்ட்மெண்டில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், 'என்' (N) அளவுக்குப் போங்கள், காட்டோ வாங்குங்கள், வேறு யோசனையே வேண்டாம்.

அட்லஸ்: நியூ ஜெர்சி, ஹில்சைட். 1924-இல் தொடங்கியது. என்னைக் கேட்டால் நாலு அச்சு எஞ்சின்களில், அதிலும் ஆல்கோ என்ற பழைய அமெரிக்கக் கம்பெனியின் வகைகளில், தயங்காமல் வாங்கலாம். மாஸ்டர் வரிசையில் கோல்ட் என்றால் ஒலியோடு வரும், சில்வர் என்றால் ஒலி இல்லாமல். டிரெயின்மேன் என்று விலை குறைந்த வரிசை ஒன்றும் உண்டு. கைப்பிடி, சின்னச் சின்ன நுணுக்கங்களில் சிக்கனம் தெரியும், ஓட்டத்தில் அவ்வளவாகத் தெரியாது. பையன் கையில் கொடுக்க அதுதான் சரி என்றுகூடச் சொல்வேன்.

ஆத்தர்ன்: இந்தப் பெயரை மட்டும் வைத்து முடிவு எடுக்கவே கூடாது, ஏனென்றால் ஒரே பெயருக்குள் பல தலைமுறை இருக்கிறது. பழைய நீலப் பெட்டி எஞ்சின்கள் ஒரு உலகம். மலிவு, உறுதி, கொஞ்சம் சத்தம். 2004-இல் ஹொரைசன் ஹாபி வாங்கிய பிறகு வந்தவை வேறு. இன்றைக்கு ஜெனிசிஸ் வரிசை உச்சத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே எளிமையான வரிசைகள். "ஆத்தர்ன் நல்லதா?" என்ற கேள்விக்கு எந்த ஆண்டு, எந்த வரிசை என்று கேட்காமல் பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

வால்தர்ஸ்: மில்வாக்கி, 1932. லைஃப்-லைக் கம்பெனி 1989-இல் பிஎல்2 எஞ்சினோடு ஆரம்பித்த புரோட்டோ 2000 வரிசைதான் சாதாரண விலையில் பிளாஸ்டிக் டீசலின் தரத்தையே மாற்றியது. அதை 2005-இல் வால்தர்ஸ் வாங்கியது. இப்போது புரோட்டோ என்றால் நுணுக்கம் அதிகம், மெயின்லைன் என்றால் எளிமையும் விலைக் குறைவும். புதிதாக ஆரம்பிக்கிற ஒருவருக்கு மெயின்லைன் நல்ல இடைவழி.

பாக்மன்: ஃபிலடெல்ஃபியா, 1833 என்று பெட்டியிலேயே போட்டுக்கொள்வார்கள். இப்போது ஹாங்காங்கின் காடர் குழுமத்துக்குச் சொந்தம். பல வருடம் இவர்களை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கி வைத்தார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது வரும் ஜிபி7, ஜிபி9 விலைக்கு நியாயமாகவே ஓடுகின்றன. ஆனால் பழைய பாக்மனும் புதிய பாக்மனும் கடை அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பார்த்து எடுங்கள்.

ஸ்கேல்ட்ரெயின்ஸ்: டென்னசி, பென்டன். 2015-இல் வந்தவர்கள். ரிவெட் கவுண்டர் என்ற வரிசையில் ஒவ்வொரு எண்ணுள்ள எஞ்சினுக்கும் அதற்கே உரிய விளக்கு, குழாய், கூண்டு என்று தனித்தனியாகச் செய்கிறார்கள். ஆபரேட்டர் என்ற எளிய வரிசையும் உண்டு. கனடாவின் ரப்பிடோவும் அதே கவனத்தோடு செய்கிறது. பென்சில்வேனியாவிலேயே மாண்டூர்ஸ்வில்லில் பவ்சர் இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. ஆல்கோ பிடித்தால் அவர்களை மறக்காதீர்கள்.

இன்டர்மவுண்டன், பிராட்வே லிமிடெட் பற்றி எழுத எனக்கு அவ்வளவு அனுபவம் இல்லை. வைத்திருப்பவர்கள் எழுதலாம்.

நவம்பர் 7

"அட்லஸ் வாங்கினால் போதும், உள்ளே இருப்பது காட்டோதான்" என்று மேலே ஒருவர் போட்டிருக்கிறார். 1980-களில் அது உண்மை. ஆர்எஸ்-3 மாதிரியான அட்லஸ் எஞ்சின்களைக் காட்டோ செய்து கொடுத்தது. பழைய ஆட்கள் இன்னும் அதைத் தேடி வாங்குகிறார்கள், காரணமும் உண்டு. பிறகு அட்லஸ் தயாரிப்பைச் சீனாவுக்கு மாற்றிவிட்டது. இன்று கடையில் இருக்கும் அட்லஸில் காட்டோவைத் தேடக் கூடாது. நல்ல எஞ்சின்தான், ஆனால் வேறு எஞ்சின்.

இதை ஒட்டி ஒன்று. பெரும்பாலான அமெரிக்க பிராண்டுகளுக்குச் சொந்தத் தொழிற்சாலை கிடையாது. சீனாவில் ஒப்பந்தத்துக்குச் செய்து தருகிறார்கள். சாண்டா கான் என்ற ஒரே தொழிற்சாலை ஒரு காலத்தில் பல பெயர்களுக்கு எஞ்சின் செய்தது. பாக்மனின் உரிமையாளரான காடர் அதை வாங்கியபோது பல பிராண்டுகள் வேறு தொழிற்சாலை தேடி ஓட வேண்டி வந்தது. ஜவுளிக்கடைப் பையைப் பார்த்துப் புடவையை நெய்தவர் யாரென்று சொல்ல முடியுமா? அப்படித்தான் இதுவும். அதனால்தான் பிராண்டைக் கேட்காதீர்கள், இந்த எஞ்சின், இந்த ஆண்டு வந்த தொகுதி எப்படி என்று கேளுங்கள் என்கிறேன். அந்தக் கேள்விக்கு யாராவது ஒருவரிடம் உறுதியான பதில் இருக்கும்.

நவம்பர் 11

ஒலி வேண்டுமா வேண்டாமா என்பது பற்றி. உங்களிடம் டிசி பவர்பேக் இருப்பதால் முதலில் ஒலி இல்லாத எஞ்சினை வாங்குங்கள் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஒலி டிகோடர் (கட்டளையைப் படித்து மோட்டாரையும் ஒலியையும் இயக்கும் சின்னச் சர்க்யூட்) உள்ள எஞ்சினை டிசியில் ஓட்டினால், குமிழைக் கணிசமாகத் திருப்பும் வரை நகரவே நகராது. முதலில் வரும் மின்னழுத்தம் டிகோடரை எழுப்பவே போய்விடும். மற்ற சாதாரண எஞ்சினோடு சேர்த்து ஓட்டவும் முடியாது. ஹாரன் அடிக்கவும் தனிக் கருவி வேண்டும். ஒலிக்குக் கூடுதலாக நூறு டாலர் அளவுக்குக் கொடுத்துவிட்டு இப்படி ஓட்டுவது வீண்.

எழுத எழுத இன்னொரு பக்கமும் தெரிந்தது. எஞ்சினின் ஆயுள் இருபது வருடம், முப்பது வருடம். பவர்பேக் அப்படியில்லை. இந்தப் பொழுதுபோக்கில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் டிசிசிக்கு, அதாவது தண்டவாளம் வழியாக ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறைக்கு வந்துவிடுகிறார்கள். ஜெர்மனியின் லென்ஸ் கம்பெனி வடிவமைப்பை அடிப்படையாக வைத்து 1990-களில் அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ தரப்படுத்திய முறை இது. எந்தக் கம்பெனி எஞ்சினும் எந்தக் கம்பெனிக் கட்டுப்பாட்டுக் கருவியிலும் ஓடும். பிறகு ஒலி சேர்க்க நினைத்தால் டிகோடர், ஸ்பீக்கர், அதை வைக்க இடம், சாலிடரிங் எல்லாம் சேர்த்துத் தொழிற்சாலையில் பொருத்திய விலையைத் தாண்டிவிடும்.

ஆக, ஒரு வருடத்துக்குள் டிசிசிக்கு மாறும் எண்ணம் இருந்தால் ஒலியோடு வாங்குங்கள். இல்லையென்றால் டிகோடர் செருகத் தயாராக 21 பின் அல்லது 8 பின் சாக்கெட் உள்ள எஞ்சினை வாங்குங்கள். சாக்கெட் இல்லாத புது எஞ்சினை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

நவம்பர் 12

ஒலியில் யாருடைய டிகோடர் என்று கேட்டதற்கு: அட்லஸ், பவ்சர், ஸ்கேல்ட்ரெயின்ஸ், ரப்பிடோ எஞ்சின்களில் நான் பார்த்தவற்றில் ஜெர்மனியின் ஈஎஸ்யு லோக்சவுண்ட். ஆத்தர்ன் ஜெனிசிஸில் கொலராடோவின் சவுண்ட்டிராக்ஸ் சுனாமி. பிராட்வே லிமிடெட் சொந்தமாகப் பாரகன் என்று வைத்திருக்கிறது. இரண்டு எஞ்சினைக் கோர்த்து ஓட்ட ஆசைப்பட்டால் ஒரே கம்பெனி டிகோடராகப் பார்த்துக்கொள்ளுங்கள். வேகத்தை ஒன்றுக்கொன்று சரிக்கட்டுவது எளிது.

நவம்பர் 24

கடையில் கேட்டால் "இருப்பில் இல்லை, அடுத்த தொகுதிக்கு முன்பதிவு" என்கிறார்களாம். இப்போது இந்தத் தொழிலே அப்படித்தான் நடக்கிறது. முதலில் அறிவிப்பார்கள், முன்பதிவு எடுப்பார்கள், அந்த அளவுக்குச் செய்வார்கள், தீர்ந்தால் தீர்ந்தது. அறிவிப்புக்கும் வரவுக்கும் ஒரு வருடம்கூட ஆகலாம். உயர் ரகத்தில் ஒலியோடு 300 டாலருக்கு மேல் போகிறது. பார்க்காத பொருளுக்கு இத்தனை பணத்தை முடக்குவது எனக்குப் பிடிக்கவில்லை, அதிலும் முதல் எஞ்சினுக்கு. குழந்தை அடுத்த வருடம் வரை காத்திருக்காது. கையில் எடுத்துப் பார்க்க முடிகிற, இன்றைக்கே ஓட்ட முடிகிற எஞ்சினை வாங்குங்கள்.

டிசம்பர் 15

ஊர் ஈரோடு என்று முன்னமே சொல்லக் கூடாதா தம்பி! அப்படியானால் நான் ஜிபி9 சொன்னதைக் கொஞ்சம் மறுபடி யோசிக்க வேண்டும்.

நீங்கள் டீசல் ஷெட் பக்கம் கேட்டு வளர்ந்த இந்திய ரயில்வேயின் டபிள்யூடிஎம்-2 எஞ்சின் ஒரு ஆல்கோ. நியூயார்க் மாநிலத்தில் ஸ்கெனெக்டடியில் இருந்த அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனியின் டிஎல்560 வடிவமைப்பு. முதல் எஞ்சின்கள் 1962-இல் அங்கிருந்து கப்பலில் வந்தன. 1964-இலிருந்து வாரணாசியில் செய்தார்கள். ஆல்கோ 1969-இல் எஞ்சின் கட்டுவதை நிறுத்திய பிறகும் பல பத்தாண்டுகள் வாரணாசியில் அந்த வம்சம் தொடர்ந்தது. உள்ளே இருந்தது 251 வகை, 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன்.

இந்த 251-தான் காரணம். ஜிபி9-இல் இருப்பது 567 வகை, இரண்டு ஸ்ட்ரோக். அதன் சத்தம் தொடர்ந்து உறுமுவதாக இருக்கும். ஆல்கோ நாலு ஸ்ட்ரோக், நின்று நின்று இடிக்கும். ரயில் புறப்படும்போது அந்த "தக்-தக்-தக்" நெஞ்சில் விழுமே, அது. டர்போ வேகம் பிடிப்பதற்குள் எரிபொருள் கூடிவிடுவதால் கரும்புகை வேறு. அமெரிக்காவில் பழைய ரயில் ரசிகர்கள் ஆல்கோவை நேசிப்பதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான் நமக்கும்.

ஆகவே சொல்கிறேன்: ஆர்எஸ்-11 பாருங்கள். நாலு அச்சு, 1956-இல் வந்தது, 12 சிலிண்டர் 251, 1800 குதிரைத்திறன். உங்கள் 18 அங்குல வளைவில் போகும். பென்சில்வேனியா ரயில்ரோடும் வைத்திருந்தது. எச்ஓவில் அட்லஸும் செய்திருக்கிறது, ரப்பிடோவும் செய்திருக்கிறது. ஒலியோடு உள்ளதை வாங்குங்கள். நவம்பர் 11 குறிப்பில் டிசியைப் பற்றி எழுதியது இதற்கும் பொருந்தும், ஆனால் இந்த ஒரு எஞ்சினுக்காக டிசிசி வாங்குவது தகும் என்று மனசாரச் சொல்வேன். டபிள்யூடிஎம்-2 மாதிரி 16 சிலிண்டர்தான் வேண்டும் என்றால் பவ்சரின் சி-628. ஆறு அச்சு என்பதால் 22 அங்குல வட்டம் போட்டபின்.

டிசம்பர் 16

பொன்மலைக்காரர் ஒருவர் தனிச்செய்தியில் இதே சத்தத்தைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறார். அனுமதி கேட்டிருக்கிறேன், கொடுத்தால் இங்கே போடுகிறேன். ராத்திரி ஷெட்டில் எஞ்சின்கள் ஐடிலில் நிற்கும் சத்தத்தில் தூங்கிப் பழகியவராம். ஈஎஸ்யுவின் ஆல்கோ ஒலியைக் கேட்டதும் ஊர் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது என்கிறார். எனக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

பிப்ரவரி 2

மாசச்சூசெட்ஸ், வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜனவரிக் கடைசியில் நடக்கும் ஆம்ஹெர்ஸ்ட் ரயில்வே சங்கத்தின் கண்காட்சிக்குப் போய் வந்தேன். பழைய எஞ்சின் வாங்க நினைப்பவர்களுக்கு அங்கே பார்த்ததை வைத்துச் சில வார்த்தைகள்.

நீலப் பெட்டி ஆத்தர்ன் மேசை மேசையாகக் கிடக்கிறது. புது எஞ்சின் விலையில் சின்னப் பங்குதான். கழற்றி மாட்டப் பழக இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது, பையனுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஆனால் டிசிசிக்கு மாற்ற வேண்டுமானால் மோட்டாரின் கீழ்ப் பிரஷ் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் துண்டு) நேராகச் சட்டத்தைத் தொடுகிறது, அதைத் தனிமைப்படுத்தாமல் டிகோடர் மாட்டினால் டிகோடர் புகைந்துவிடும். மோட்டார் பெரிதாக இருந்ததால் பழைய ஜிபி சிலவற்றின் உடலையே நிஜத்தைவிட அகலமாகச் செய்திருப்பார்கள். அளவு பார்ப்பவர்களுக்கு அது உறுத்தும்.

1990-களின் எஞ்சின்களில் அச்சுக் கியரைப் பாருங்கள். அந்தக் காலத்து எஞ்சின் ஒன்றை நான் முன்பு வாங்கியபோது பெட்டி பிரிக்காத புதிது மாதிரி இருந்தது. வீட்டில் ஓட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் "டக், டக்" என்று துள்ளியது. பிளாஸ்டிக் கியர் அச்சைப் பிடித்தபடியே முடியளவு விரிசல் விட்டிருந்தது. ஓட்டாமல் அலமாரியில் இருந்தாலும் அது விரிசல் விடும். மாற்றுக் கியர் மலிவாகக் கிடைக்கிறது, மாற்றுவதும் சுலபம். தெரிந்து வாங்கினால் பேரம் பேசலாம். மேசைக்காரர் ஓட்டிக் காட்ட மாட்டேன் என்றால் நகர்ந்துவிடுங்கள்.

கொம்புக் கொக்கி மாதிரியான பழைய கப்ளர் இருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காடி கம்பெனியின் 5 அல்லது 148 எண் கப்ளர் வாங்கி மாற்றிவிடலாம்.

பிப்ரவரி 15

ஆர்எஸ்-11 வந்துவிட்டது என்று படம் போட்டிருக்கிறார் தம்பி. பென்சில்வேனியா ரயில்ரோடு வண்ணம். மிக்க மகிழ்ச்சி! டிசிசி கருவியும் வாங்கிவிட்டாராம்.

முதல் நாளே பத்துப் பெட்டி மாட்டாதீர்கள். பெட்டி எதுவும் இல்லாமல் முன்னால் அரை மணி, பின்னால் அரை மணி, நடுத்தர வேகத்தில் ஓட விடுங்கள். பிறகு திருப்பி வைத்து அதே மாதிரி. கியரும் பிரஷ்ஷும் பழகும். எண்ணெய் எதுவும் விட வேண்டாம், தொழிற்சாலையில் விட்டதே பெரும்பாலும் அதிகமாக இருக்கும். டிசிசி கருவி எஞ்சினைக் கூப்பிடும் முகவரி 3 என்று வந்திருக்கும். அதை எஞ்சினின் எண்ணுக்கே மாற்றிக்கொள்ளுங்கள், ஞாபகம் வைக்க எளிது.

பிப்ரவரி 18

"பாயிண்டில் நின்று நின்று போகிறது, எஞ்சின் சரியில்லையோ?" என்று கேட்டிருக்கிறார்.

எஞ்சினைத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால் தண்டவாளத்தைத் துடையுங்கள். ஐசோபுரோப்பில் ஆல்கஹால் நனைத்த துணி போதும். அப்புறம் ஒரு பேப்பர் டவலை அதே ஆல்கஹாலில் நனைத்துத் தண்டவாளத்தின் மேல் விரித்து, ஒரு பக்கச் சக்கரங்களை அதில் வைத்து, மறுபக்கச் சக்கரங்கள் தண்டவாளத்தில் கரண்ட் எடுக்கும்படி கையால் பிடித்துக்கொண்டு எஞ்சினை ஓட விடுங்கள். பேப்பரில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாத வரைக்கும் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். புது எஞ்சின் சக்கரத்திலும் எண்ணெய்ப் படலம் இருக்கும்.

பாயிண்டில் பாதை பிரியும் இடத்தில் உள்ள வி வடிவத் துண்டு பிளாஸ்டிக்கா உலோகமா என்று பார்த்துச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் என்றால் அதன் மேல் சக்கரத்துக்குக் கரண்ட் கிடைக்காது. நாலு அச்சு எஞ்சினில் ஒரு தொகுதி அந்தத் துண்டின் மேல் இருந்தால் மறு தொகுதி கரண்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் அந்தத் தொகுதியின் கம்பி விட்டிருக்கலாம், அல்லது பாயிண்டின் மறுமுனையில் இணைப்பு தளர்ந்திருக்கலாம். பாயிண்டைத் தவிர்த்து நேர்த் தண்டவாளத்தில், நவம்பரில் சொன்ன அந்த மூன்று அடிச் சோதனையைச் செய்து பாருங்கள்.

பிப்ரவரி 19

நேர்த் தண்டவாளத்தில் ஒரு நிமிடத்துக்கு மேலேயே எடுத்துக்கொண்டு வழுக்கிப் போகிறதாம். அப்படியானால் எஞ்சின் தங்கம், வேலை பாயிண்டில்தான். இணைப்புத் தகடுகளை இறுக்கிவிட்டு, பாயிண்டின் மூன்று முனைக்கும் அடியிலிருந்து தனித்தனிக் கம்பி கொடுங்கள். அப்படியே காடியின் உயர அளவியும் ஒன்று வாங்குங்கள். அடுத்து நீங்கள் கேட்கப்போவது பெட்டிகள் வளைவில் ஏன் கழன்று போகின்றன என்பதுதான். அதற்கு முதலில் கப்ளர் உயரத்தைப் பார்க்க வேண்டும்.